கோழிக்கூட்டுக் கண்ணாடி

எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. மனிதர்கள் குடியிருந்த பக்கத்தில் வெறும் மரச்சட்டம்தான். கண்ணாடி கோழிகளுக்கு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் அவற்றின் பின்னால் நின்றுகொண்டு, பங்களாவில் இருக்கும் துரைசாணிகளைப் போல மழையை வேடிக்கை பார்க்கும். முதல் ஜன்னல் வந்த கதையில் சொல்ல அதிகமில்லை. இரண்டாவது ஜன்னலுக்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சுமந்துகொண்டே வளர்ந்தேன், கல்யாணம் கட்டிக்கொண்டேன், இரண்டு பிள்ளைகளையும் பெற்றேன்.

ஜப்பான்காரன் வருவதற்கு வெகுநாள் முன்னால் நடந்தது இது. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா தண்ணீர் இலாகாவில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு அரசாங்க வீடு கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் ஓடை, ஓடையைத் தாண்டினால் காடு. நடுவில் வேலி என்று ஒன்று இருந்ததாக அப்பா சொல்வார். காடு அதை எப்போதோ தின்றுவிட்டது. கொல்லையில் ஒரு ஜம்பு மரம், இரண்டு சாதிக்காய் மரங்கள், கொஞ்சம் வாழை, துணி காயப்போடும் கம்பி, அந்தக் கோழிக்கூடு.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் எங்கள் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. காவடியும் மேளமும் போய் முடிந்த மறுநாள், யாரோ ஊரையே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது போல அமைதியாகிவிடும். உடைத்த தேங்காய்ச் சில்லுகள் மட்டும் ஒரு வாரம் புளித்து மணக்கும். அதற்குப் பிறகுதான் எங்கள் கொல்லையின் காலம் தொடங்கும். வெள்ளைக்காரர் புத்தகங்களில் வசந்தம் என்று ஒன்று வருகிறது, பனி உருகுகிறது. எங்களுக்கு உருக ஒன்றும் கிடையாது. ஆனால் மாசியில் மழை நின்றுவிடும். கடலுக்கு அக்கரையில் இருக்கும் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். விடியற்காலையில் மலையிலிருந்து மூடுபனி இறங்கி வந்து, கொல்லையில் பாதி மரங்களை எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த இல்லாத மரங்களிலிருந்து பறவைகள் பாடும். கண்ணை மூடிக் கேட்டாலும் திறந்து கேட்டாலும் ஒன்றுதான். நான் படுக்கையிலிருந்து எழுந்து வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்து, எது கனவில் பாடியது, எது கொல்லையில் பாடுகிறது என்று தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டிருப்பேன்.

அந்த வருஷம் மாமா எங்கள் வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வயது, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வேலை தேடிக்கொண்டிருந்தார். தேடுவதை அவசரப்படாமல் செய்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரின் சாமான்களை ஏலம் விட்டபோது, கைச்சேமிப்பை எல்லாம் கொட்டி ஒரு படப்பெட்டி வாங்கி வந்துவிட்டார். மூன்று கால், கறுப்புத் துணி, முன்பக்கம் பித்தளை வளையத்தில் ஒரு கண். அதோடு அந்த டாக்டர் தானே எடுத்த பறவைப் படங்கள் ஒரு கட்டு. அந்தப் படங்கள்தான் மாமாவைக் கெடுத்தன என்பது அப்பாவின் கட்சி. மனிதர்களை எடுத்திருந்தால் நாலு பேர் வீட்டுக் கல்யாணத்துக்காவது கூப்பிட்டிருப்பார்கள். மாமாவுக்கோ பறவைதான் வேண்டும். அதிலும் முராய் வேண்டும்.

முராய் என்பது மலாய்க்காரர் வைத்த பெயர். தமிழில் வேறு பெயர் இருக்கும். உடம்பு கன்னங்கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் வெள்ளையாக ஒரு கோடு, வாலை எப்போதும் தூக்கி வைத்துக்கொண்டு நாட்டாண்மை பண்ணும். மாசி பிறந்துவிட்டால் விடிவதற்கு முன்பே ஜம்பு மரத்து உச்சியில் உட்கார்ந்து பாடத் தொடங்கிவிடும். அதன் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கும். மூடுபனியில் அது ஒன்றுதான் துலக்கமாகத் தெரியும் பொருள் போல.

பறவையைப் படம் எடுக்க மாமாவுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. பறவை அவர் கண்ணுக்குத் தெரியாது. பத்தடிக்கு அப்பால் உலகம் அவருக்குப் பஞ்சு. மூக்குக்கண்ணாடி உண்டு, ஆனால் விடியற்காலை ஈரத்தில் அது வேர்த்துப் போகும். துடைத்துப் போடுவதற்குள் பறவை பத்துக் கிளை மாறியிருக்கும். ஆகவே நான் அவருக்குக் கண் ஆனேன். கொல்லையில் தென்னோலையால் ஒரு குடிசை போட்டார். வெளியே ஒரு குச்சியை நட்டு, அதன் மேல் பெட்டியைக் குறி வைத்து, குச்சியடியில் புழுக்களைத் தூவி வைப்பார். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு ரப்பர்க் குழாய் குடிசைக்குள் வரும். அதன் முனையில் இருக்கும் குமிழை அமுக்கினால் பெட்டியின் கண் இமைக்கும். பறவை குச்சியில் வந்து உட்கார்ந்ததும் நான் "இப்போ" என்று சொல்ல வேண்டும். மாமா அமுக்குவார்.

நான் சொல்வதற்கும் அவர் அமுக்குவதற்கும் பெட்டி இமைப்பதற்கும் நடுவில் எங்கேயோ பறவை போய்விடும். ஒவ்வொரு முறையும் போய்விடும்.

இதனால் மாமா சோர்ந்து போனார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படங்களையும் காகிதத்தில் அச்செடுத்து, தடித்த அட்டைப் புத்தகத்தில் ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் கீழே அழகான கையெழுத்தில் பெயர் எழுதினார். மாங்குயில். மீன்கொத்தி. தேன்சிட்டு, ஆண். எல்லாவற்றிலும் குச்சிதான் இருந்தது, அல்லது கிளை இருந்தது. கிளை சில சமயம் லேசாக ஆடியிருக்கும். "பாத்தியா பாப்பா, இப்பத்தான் எழுந்து போயிருக்கு" என்று அந்தக் கலங்கலைக் காட்டுவார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. பறவைகள் போன பிறகு இருக்கும் இடத்தை எல்லாம் ஒருவர் புத்தகமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்! மத்தியானங்களில் அந்தப் புத்தகத்தைத் தரையில் விரித்து, வெறுங்கிளைகளில் அந்தந்தப் பறவையை உட்கார வைத்துப் பார்ப்பேன். உட்காரும்.

அப்பாவுக்கு உட்காரவில்லை. "மாப்பிள்ளை, அந்த ஜம்பு மரத்தை இத்தனை படம் எடுத்துட்டீங்களே, அதுக்கு எங்கயாச்சும் சம்பந்தம் பேசுறீங்களா?" என்று கேட்டார்.

படம் முதலில் விழுவது கண்ணாடித் தட்டில். மாமா அதை எங்கள் குளியலறையில்தான் கழுவி எடுப்பார். கதவிடுக்கில் சாக்கை அடைத்து, அரிக்கேன் விளக்கில் காவடிக்குக் கட்டிய சிவப்புத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்வார். அப்பா தோளில் துண்டோடு வெளியே நிற்பார். தட்டு வெளியே வந்ததும் அதை யாரும் சும்மா பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. எல்லாம் எதிர்மாறாக இருக்கும். வானம் கறுப்பு, இலை வெளிறி, கறுப்பாக இருக்க வேண்டியது வெறும் கண்ணாடி. அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "புகையா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். நானும் பார்த்துத் தலையாட்டுவேன், ஒன்றும் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மாமா அச்செடுத்து முடித்து ஒதுக்கிய தட்டுகளை அம்மா வீணாக்கவில்லை. சலவைச்சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காய்நாரால் தேய்த்தால் மேலே இருக்கும் படம் பால் ஏடு போலச் சுருண்டு வந்துவிடும், அடியில் நல்ல கண்ணாடி இருக்கும். சாமிப் படங்களுக்குச் சட்டம் போட்டாள். ஊறுகாய் ஜாடிகளுக்கு மூடி வைத்தாள். நாலைத் தகரப் பட்டையால் சேர்த்துக் கோழிக்கூட்டுக்கு முதல் ஜன்னல் வைத்தாள். தேய்ப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அடுப்படி ஜன்னலில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். "இது செவ்வாய்க்கிழமை. என் நீலச் சேலை காயுது பாரு." ஒருநாள், மாமா ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய தட்டைப் பார்த்துச் சிரித்தாள். "தம்பி, முராய் இல்லாட்டி என்ன, மரத்துல ஓணான் இருக்கு." மாமா அதை மறுபடி அச்செடுத்தார். ஓணான் இருந்தது. அப்போதும் அது எங்களுக்கு ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

மாசி முடியும்போது அப்பா பேச்சை எடுத்தார். சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை காலியாக இருந்தது. அங்கே இருந்த அப்பாவின் சினேகிதர் அதை மாமாவுக்காகப் பிடித்து வைத்திருந்தார். மாமாவுக்கு வேறு கனவு. ஊருக்குள் படக்கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, பறவை ஒன்றைப் படத்தில் பிடித்துக் கொண்டுவந்தால் கடையில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். மாமாவை வாசலிலிருந்து கிளப்புவதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். மாமா அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா கெட்டவர் இல்லை. நியாயம் பார்ப்பவர். சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்து ஒரு தீர்ப்பு சொன்னார். "பங்குனி உத்திரம் வரைக்கும் பாப்போம். ஒரு பறவை. ஒரே ஒரு பறவை படத்துல விழட்டும், அப்புறம் நான் வாயைத் திறக்கல. இல்லாட்டி அந்தப் பெட்டியை வித்துட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பணும்."

"சரி அத்தான்" என்றார் மாமா.

"கோழி கணக்குல சேராது லா" என்றார் அப்பா. மாமா அதுவரை தெளிவாக எடுத்த ஒரே பிராணி எங்கள் சேவல்.

மாமா போய்விட்டால்? தோட்டம் என்றால் கப்பலேறிக் கடலைத் தாண்ட வேண்டும், அப்புறம் ரயில், அப்புறம் மாட்டுவண்டி. எனக்கு அது சீமைக்குப் போவதுதான். அந்தக் குடிசையில் யாரோடு உட்காருவேன்? தினமும் விடியற்காலையில் குடிசைக்குள் போகும் முன்பு மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, முருகா, அது ஒரு நொடி உட்காரட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை. மூடுபனி அன்று இறங்கி வந்து கோழிக்கூடு வரைக்கும் வந்து நின்றது. குடிசைக்குள் மாமாவின் மூச்சும் ஓலை மணமும். முராய் ஜம்பு மரத்தில் பாடிக்கொண்டே இருந்தது, பிறகு பாட்டு நின்றது. குச்சி வெறுமையாக இருந்தது. மறு பார்வையில் குச்சியின் மேல் அது இருந்தது. வந்ததே தெரியவில்லை. வாலைத் தூக்கித் தாழ்த்தி, என்னை நேராகப் பார்த்தது. "இப்போ!" என்று சொல்லிவிட்டு, முருகா என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பெட்டி இமைத்த சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது குச்சி காலியாக இருந்தது.

"இருந்துச்சா பாப்பா?" என்றார் மாமா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"இருந்துச்சு" என்றேன். கண்ணை மூடியதைச் சொல்லவில்லை.

குளியலறைக்குள் அன்று வெகுநேரம் இருந்தார். அப்பா துண்டோடு நின்றார். நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. மாமா ஈரத்தட்டை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருக்கு" என்றார்.

நான் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறின. அப்பா தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எங்க?" "இதோ அத்தான், வாலைத் தூக்கிக்கிட்டு." அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார், மறுபக்கம் சாய்த்தும் பார்த்தார், "ம்" என்றார். தெரியவில்லை என்று சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். கருவாடு கருகிவிடும் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டு அடுப்படி ஜன்னல் ஓரத்துச் சட்டத்தில் காய வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சினேகிதர் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. "படத்தை அன்னிக்குக் காகிதத்துல போட்டுக் காட்டுங்க. அவருக்கும் ஒரு சமாதானம் சொல்லணும் இல்லையா?" என்றார் அப்பா. மாமா சரி என்றார். மறுநாள் காலையில் அச்செடுக்கும் காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார். காலைச் சோறு கூடச் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசி போய்விட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அம்மா ஜம்பு மரத்தடியில் அலுமினியத் தொட்டியில் வெந்நீர் ஊற்றி வைத்திருந்தாள். நாலு தட்டுகள் ஏற்கெனவே உள்ளே ஊறிக்கொண்டிருந்தன. "கூட்டுக்குக் கிழக்கால ஒரு ஜன்னல் வைக்கணும். உக்காந்து தேய்" என்று நாரைக் கையில் கொடுத்தாள். எனக்குப் பிடித்த வேலைதான். தண்ணீரின் ஆவி முகத்தில் அடிக்க, ஒவ்வொரு தட்டிலிருந்தும் வானமும் இலையும் சுருண்டு சுருண்டு கழன்று வரும். விரலில் ஒட்டும், ஊதினால் மிதக்கும். சோடா விரல் நுனியைக் கடித்தது. நான் மாமா இனிமேல் எங்கும் போகமாட்டார் என்று மனசுக்குள் பாடிக்கொண்டே நாலையும் பளபளவென்று தேய்த்து கோழிக்கூட்டோரம் சாய்த்து வைத்தேன். நாலு துண்டு வெயில் அங்கே நின்றன.

மாமா திரும்பி வந்து அடுப்படிக்குள் போனார். "அக்கா, இங்க வெச்சிருந்த தட்டு எங்க?"

அம்மா ஓடிவந்தாள். சட்டத்தைப் பார்த்தாள், கொல்லையைப் பார்த்தாள், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, பழைய தட்டோட தட்டா அதுவும் போயிருச்சா?" அம்மா அப்படி நெஞ்சில் கை வைத்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நான் கையில் நாரோடு நின்றேன். அப்பா வந்தார். என்ன என்று கேட்டார். யாரும் சொல்லாமலே தொட்டியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். வந்த கோபத்தில் என் காதைப் பிடித்துத் திருகினார். "பாத்துச் செய்ய மாட்ட? கண்ணு எங்க போச்சு?" எனக்கு அந்தக் கேள்விதான் வலித்தது. கண்தானே என் வேலை.

மாமா வந்து அப்பாவின் கையை எடுத்துவிட்டார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அழுக்குத் தண்ணீரில் படத் துணுக்குகள் மிதந்தன. மலைப்பக்கம் நிமிர்ந்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு மண்டியிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கொல்லையில் யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சினேகிதர் குடையோடு வந்து, கோழிக்குழம்பு சாப்பிட்டார். நான் சாப்பிட வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பையன் வாக்கைக் காப்பாத்திட்டான். பறவை விழுந்துச்சு. கெடுத்தது என் பொண்ணு. நான் எந்த முகத்தோட அவனை அனுப்புறது? அந்த வேலையை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க." அதோடு விடவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது புதிய கண்ணாடித் தட்டுகள் ஒரு பெட்டி வாங்கி வந்து மாமாவின் முன் வைத்தார். "என் பொண்ணு கழுவினதுக்கு" என்றார்.

நான் கழுவிய நாலு தட்டுகளும் கூட்டின் கிழக்குப் பக்கம் ஜன்னலாயின. ஒரு வாரம் போயிருக்கும். கோழிகளைத் திறந்துவிட்ட பிறகு ஒருநாள் காலை, டக் டக் என்று ஒரு சத்தம். முராய். காலியான கூட்டின் இருட்டு கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால், அது கண்ணாடியில் தன்னையே கண்டுவிட்டது. தன் கொல்லைக்குள் வந்து நிற்கும் இந்த இன்னொரு முராய் யார் என்று அதற்குப் பொறுக்கவில்லை. வாலைத் தூக்கி, மார்பை நிமிர்த்தி, கொத்தி, விலகி, மறுபடி வந்து கொத்தியது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் அதே நேரத்தில் வந்தது. மாமா பெட்டியைக் கூட்டுக்கு முன்னால் மாற்றி வைத்தார். அது போகவே இல்லை. மாமா மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, தானே பார்த்து, தானே அமுக்கினார். நான் "இப்போ" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தப் படத்தில் முராய் இரண்டு. ஒன்று வெளியே, ஒன்று கண்ணாடிக்குள், அலகோடு அலகு. தவுக்கே அதைப் பார்த்து மலாயில், ஒன்று கேட்டால் இரண்டு கொண்டுவந்துவிட்டாயே என்று சிரித்தாராம். அந்த வாரமே மாமா கடையில் சேர்ந்தார். கடைசிவரை படம் எடுத்தே பிழைத்தார்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் பேசப்பட்டது அந்தப் படத்தைப் பற்றி அல்ல. நான் கழுவிய படத்தைப் பற்றித்தான். தீபாவளி, கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் மாமா அதைச் சொல்லுவார். ஒவ்வொரு வருஷமும் அந்த முராய் கொஞ்சம் வளர்ந்தது. முதலில் வாலை மட்டும்தான் தூக்கியிருந்தது. பிறகு வாயைத் திறந்து பாடியது. நான் வயசுக்கு வந்த வருஷம் அதன் அலகில் ஒரு தும்பி வந்து சேர்ந்தது. எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். நான் தலைகுனிந்து பலகாரத்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும், எத்தனை வருஷமானாலும்.

ஜப்பான் சண்டையெல்லாம் முடிந்து, என் இரண்டாவது பிள்ளையைப் படம் பிடிக்க மாமாவின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தபோதுதான், நான் அந்தப் பேச்சை நானாக எடுத்தேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தோன்றியது. மாமாவுக்குத் தலை நரைத்திருந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அதுல பறவையே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"குச்சிதான் இருந்துச்சு. கதவைத் திறந்தேன், நீ வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்த. இருக்குன்னு நாக்கு தானா சொல்லிருச்சு. மறுநாள் காகிதம் வாங்கவா போனேன்? காகிதம் வீட்டுலயே இருந்துச்சு. கப்பல் துறையில உக்காந்து, அப்படியே ஏறி அக்கரைக்குப் போயிரலாமான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சைக்கிள் அத்தானோடது. திருடிட்டு ஓடினான்ற பேர் வேற எதுக்குன்னு திரும்பி வந்தேன். வந்து பாத்தா நீ கழுவி வெச்சிருக்க. முருகனே உன் கையில வந்து கழுவினான் பாப்பா."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்படியென்றால் அந்தத் தும்பி? இத்தனை வருஷம் நான் தலைகுனிந்தது? ஆனாலும் மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது நிஜம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அம்மாவிடம் போனேன். அம்மா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மூச்சுவிடாமல் முழுவதையும் சொல்லி முடித்தேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள். "காலையில அடுப்பு பத்த வெக்கும்போது வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். குச்சியில ஒரு எறும்புகூட இல்ல. அதனாலதானே உன்கிட்ட குடுத்தேன்."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "ஏம்மா நானு? நீயே கழுவியிருக்கலாம்ல?"

"நான் கழுவியிருந்தா உங்கப்பா என்னைத் திட்டித் தீத்துட்டு, தம்பியைத் தோட்டத்துக்கு அனுப்பியிருப்பாரு. உன் கைன்னா அவருக்கு வெக்கமாப் போயிரும். அவர் நியாயஸ்தர் இல்லையா?" ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "தம்பிகிட்ட சொல்லித் தொலைக்காத. முருகன் செஞ்சான்னு இருக்கான், இருந்துட்டுப் போகட்டும்."

ஜன்னலைக் கிழக்கே வைத்தாயே, முராய் வந்து சண்டை போடும் என்று அதுவும் தெரியுமா என்று கேட்டேன். "அவ்வளவு மூளை இருந்தா நான் ஏன் இங்க உக்காந்து நெத்திலி ஆயுறேன்?" என்றாள்.

அம்மா மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நான் கோபமாகத்தான் வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்தவர் மானத்துக்கு என் காதா கிடைத்தது என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். பிள்ளை தோளில் தூங்கிவிட்டது. அதன் கை என் கழுத்தில் கிடந்தது. அப்போதுதான் அந்தச் சனிக்கிழமையின் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. ஏனோ அதுவரை அதை நான் இந்தக் கதையோடு சேர்த்ததே இல்லை.

அழுது ஓய்ந்து பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். கொல்லை பழுப்பு நிறமாகிக்கொண்டிருந்தது. முராய் ஜம்பு மரத்தில் ஒருமுறை பாடிவிட்டு நிறுத்தியது. அம்மா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சோடா கடித்துச் சிவந்திருந்த என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவினாள். "அம்மா, இனிமே பாக்காம எதையும் கழுவமாட்டேன்" என்றேன். பத்து விரலும் முடிந்தது. எழுந்துவிடுவாள் என்று நான் கையை இழுத்தேன். அவள் விடவில்லை. மறுபடி முதல் விரலிலிருந்து தடவத் தொடங்கினாள். எனக்கு அது ஏன் என்று தெரியவில்லை. கை ரொம்பத்தான் வெந்துபோயிருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.